தறி கடல் கடந்த காரணம்

ஒரு தேசத்தில் நிலைபெற்று, தலைமுறை தலைமுறையாகப் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்ட தொழில், அத்தேசத்தை விட்டு வேறு தேசத்திற்குப் பெயர்ந்து போவதேன்? நம் சங்கக் கூட்டங்களில் இவ்வினா எழும்போது மூவகை விடைகள் கூறப்படுகின்றன. முதலாளிகளின் இலாப ஆசையே காரணம் என்பர் சிலர். தொழிலாளர் கூலியை உயர்த்திக் கேட்டதே காரணம் என்பர் வேறு சிலர். எப்பொருளையும் மலிவாகவே கேட்கும் வாங்குவோர்தாம் காரணம் என்பாரும் உளர். மூன்று விடைகளிலும் உண்மை இருக்கிறது. எந்த விடை எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பிரித்தறிவதே இம்மாதப் பாடத்தின் நோக்கம்.

இதற்கு நாம் துணித்தொழிலையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நம் அங்கத்தினர்களுக்கு நன்கு தெரிந்த தொழில் அது. அன்றியும், உலகில் பன்முறை ஊர்விட்டு ஊர் பெயர்ந்த தொழில்களுள் அதுவே முதன்மையானது.

ஓர் ஆலை ஊரின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வட கரோலினா மாநிலத்தில் கன்னாபொலிஸ் என்னும் ஊர் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் கேனன் என்பவர் அங்கே துணியாலை நிறுவினார். துவாலைகளும் படுக்கை விரிப்புகளும் அங்கே நெய்யப்பட்டன. ஆலையைச் சுற்றியே ஊர் எழுந்தது. குடியிருப்பு வீடுகளும் கடைத்தெருவும் நெடுங்காலம் ஆலைக்கே சொந்தமாயிருந்தன. பிற்காலத்தில் பில்லோடெக்ஸ் என்னும் கம்பெனியின் கைக்கு வந்த அவ்வாலை, 2003-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி மூடப்பட்டது. அக்கம்பெனியின் ஆலைகள் எல்லாவற்றிலும் சேர்த்து 6,000-க்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். அவர்களுள் ஏறக்குறைய 4,800 பேர் வட கரோலினாவைச் சேர்ந்தவர்கள். ஒரே வேளையில் அத்தனை பேர் வேலையிழந்ததை அம்மாநிலம் அதுவரை கண்டதில்லை.

ஆனால் அத்தொழில் கன்னாபொலிஸில் பிறந்ததன்று. அமெரிக்காவில் பருத்தியாலைத் தொழில் முதலில் செழித்த இடம் வடகிழக்கே உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியாகும். லோவெல், லாரன்ஸ், ஃபால் ரிவர் முதலிய நகரங்கள் ஆலைகளாலேயே வளர்ந்தவை. நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்து மான்செஸ்டர் நகரில் இருந்த அமாஸ்கெக் ஆலை, ஒரு காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய பருத்தியாலை எனப் பெயர் பெற்றிருந்தது. 1935-ஆம் ஆண்டின் இறுதியில் அதன் யந்திரங்கள் நின்றன; மறு ஆண்டே கம்பெனி கலைக்கப்பட்டது. அந்த வேலை போய்ச் சேர்ந்த இடங்களுள் கரோலினா மாநிலங்கள் தலையாயவை. தெற்கே கூலி குறைவு, யந்திரங்கள் புதியவை, தொழிற்சங்கங்கள் வலுவற்றவை, பருத்தியும் பக்கத்திலேயே விளைந்தது. ஆகவே, வடக்கிலிருந்து தெற்கே வந்த தொழில், இரண்டு தலைமுறைக்குப் பின் தெற்கிலிருந்து கடல் கடந்தது. முதல் பெயர்ச்சியின்போது கடலும் இல்லை, தேச எல்லையும் இல்லை, சுங்கச்சாவடியும் இல்லை என்பதை அங்கத்தினர்கள் குறித்துக்கொள்ளவேண்டும்.

கூலி ஏன் உயர்கிறது?

கூலி உயர்ந்ததால் தொழில் போயிற்று என்று கூறுவோர், கூலி ஏன் உயர்ந்தது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. தொழிலாளர் ஒன்றுகூடிப் போராடிப் பெற்றதும் உண்டு. ஆனால் அதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு.

முடிதிருத்துவோர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். பாஸ்டன் நகரத்தில் ஒரு தலைக்கு முடிதிருத்த எவ்வளவு நேரம் ஆகுமோ, ஏறத்தாழ அவ்வளவு நேரமே டாக்காவிலும் ஆகும். ஆயினும் பாஸ்டனில் உள்ளவர் பன்மடங்கு மிகுதியாகக் கூலி பெறுகிறார். அவர் கை வேகமாக ஓடுவதால் அன்று. அவர் இத்தொழிலை விட்டால், அதே ஊரில் மோட்டார்த் தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ நல்ல சம்பளத்திற்குப் போகக்கூடும். அவரைக் கத்தரிக்கோல் பிடிக்கச் செய்யவேண்டுமானால் அச்சம்பளத்திற்கு ஈடாகக் கொடுத்தே ஆகவேண்டும்.

தையல் தொழிலின் கதையும் இதுவே. நூற்பு யந்திரத்தையும் நெசவு யந்திரத்தையும் போலன்றித் தையல் யந்திரம் இன்றும் ஆள் கையையே நம்பியிருக்கிறது. துணி துவளும் தன்மையுடையது. அதை மடித்துப் பிடித்து ஊசிக்குக் கொடுக்கும் நுட்பத்தை யந்திரம் இன்னும் நன்கு கற்கவில்லை. ஆகவே, யந்திரங்களால் உற்பத்தி பெருகிய பிற தொழில்களில் கூலி ஏறியபோது, உற்பத்தி அவ்வளவாகப் பெருகாத தையல் தொழிலிலும் கூலி ஏறவேண்டியதாயிற்று. முடிதிருத்துவோரைக் கடல் கடந்து வரவழைத்துத் தலையைக் காட்ட இயலாது. ஆகையால் பாஸ்டனில் அத்தொழில் நின்றது, விலை ஏறிற்று. சட்டையோ கப்பலில் வரும். ஆகையால் அத்தொழில் போயிற்று.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். கூலி உயர்வு என்பது ஒரு தேசத்தின் நோய்க்குறியன்று. அத்தேசத்தில் பிற தொழில்கள் வளர்ந்ததன் அடையாளம் அது. ஆனால் அவ்வளர்ச்சியின் பாரம், அதில் பங்குபெறாத தொழிலின்மேல் வந்து விழுகிறது. அத்தொழிலில் இருந்து வயது முதிர்ந்தவர்கள், புதுத்தொழில் கற்கும் காலம் கடந்தவர்கள், ஊரைவிட்டுப் போக இயலாதவர்கள் ஆகியோரே அதை முழுதும் சுமக்கின்றனர்.

கூலி மட்டுமே காரணமா?

கூலி குறைந்த இடத்திற்கே தொழில் எப்போதும் ஓடும் என்று எண்ணுவதும் தவறு. இதற்கு நம் முன்னோர் கண்ட வரலாறே சான்று. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியக் கைத்தறித் துணி ஐரோப்பாவெங்கும் விரும்பி வாங்கப்பட்டது. அக்காலத்தில் இங்கிலாந்துத் தொழிலாளரின் கூலி, இந்தியத் தொழிலாளரின் கூலியைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆயினும் அடுத்த நூற்றாண்டில் வென்றது லங்காஷயர் துணியே. யந்திரத்தின் துணையால் ஓர் ஆள் ஒரு நாளில் நூற்ற நூல் அத்தனை மிகுதியாயிற்று. ஆட்சியதிகாரமும் சுங்கவரிக் கொள்கையும் அதற்குத் துணைநின்றன. 1913-ஆம் ஆண்டில் பிரிட்டன் ஏறக்குறைய 700 கோடி கெஜம் பருத்தித்துணி ஏற்றுமதி செய்தது. அதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இந்தியாவிற்கே வந்தது.

ஆகவே கணக்கிடவேண்டியது நாட்கூலி அன்று. ஒரு கெஜத்திற்கு விழும் கூலி. கூலி இருமடங்காயினும் உற்பத்தி மும்மடங்கானால் கெஜத்தின் கூலி குறையும்.

லங்காஷயர் வீழ்ந்ததும் இதே கணக்கினால்தான். ஜப்பானில் சாகிச்சி டொயோடா என்பார் தானியங்கித் தறியொன்றை 1924-இல் செம்மைப்படுத்தினார். லங்காஷயரில் ஒரு நெசவாளி நான்கு தறிகளைப் பார்ப்பதே வழக்கமாயிருந்தது. டொயோடாவின் தறியில் ஒரே ஆள் இருபதுக்கு மேற்பட்ட தறிகளைப் பார்க்க இயன்றது. தறி யந்திரங்களுக்குப் பேர்போன ஓல்டாம் நகரத்துப் பிளாட் பிரதர்ஸ் கம்பெனியே, 1929-இல் அத்தறியைச் செய்யும் உரிமையை ஜப்பானியரிடமிருந்து விலைக்கு வாங்கிற்று. உலகுக்குத் தறி விற்ற ஊர், தறியின் உரிமையை வெளியிலிருந்து வாங்கும் நிலைக்கு வந்தது. ஜப்பானில் கூலியும் குறைவு, கெஜத்திற்கு ஆகும் உழைப்பும் குறைவு. 1930-களின் தொடக்கத்திலேயே துணி ஏற்றுமதியில் ஜப்பான் பிரிட்டனை முந்திற்று.

1931-இல் காந்தியடிகள் லங்காஷயருக்குச் சென்று, வேலையிழந்திருந்த ஆலைத் தொழிலாளரை நேரில் கண்டார் என்பதை நாம் அறிவோம். இரு தேசத்து நெசவாளரும் ஒருவர் துன்பத்தை மற்றவர் அறிந்த அரிய நாள் அது. 1958-இல் பிரிட்டன் தான் ஏற்றுமதி செய்ததைவிட மிகுதியான பருத்தித்துணியை இறக்குமதி செய்யும் நாடாயிற்று. மறு ஆண்டே, உபரித் தறிகளையும் கதிர்களையும் உடைத்துப் போடுவதற்கு ஆலைகளுக்கு ஈட்டுத்தொகை வழங்க அந்நாட்டுச் சர்க்கார் சட்டம் இயற்றிற்று.

ஒரு சட்டையின் கணக்கு

இனி, கூலியும் விலையும் தொடர்புறும் வகையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கீழ்க்காணும் எண்கள் விளக்கத்திற்காக நாம் எளிமையாக வைத்துக்கொண்டவை.

ஒரு சட்டை தைக்க அரை மணி நேரம் ஆகிறது என்று கொள்வோம். அமெரிக்காவில் ஒரு மணிக்கு 16 டாலர் கூலியானால் தையற்கூலி 8 டாலர். கூலி மணிக்கு 1 டாலராக உள்ள ஒரு தேசத்தில், கைப்பழக்கம் குறைவென்று முக்கால் மணி நேரம் கொடுத்தாலும் தையற்கூலி 75 சென்ட்டே. கப்பல் கூலிக்கும் சுங்கவரிக்கும் 1 டாலர் 25 சென்ட் சேர்த்தால் 2 டாலர். துணி, நூல், பொத்தான் செலவு இரு இடத்தும் 5 டாலர் என்று வைப்போம். உள்நாட்டுச் சட்டையின் அடக்கவிலை 13 டாலர். வெளிநாட்டுச் சட்டையின் அடக்கவிலை 7 டாலர்.

இத்துடன் கணக்கு முடிவதில்லை. கடைக்காரர் வாடகைக்கும் விளம்பரத்திற்கும் விற்காத சரக்கிற்கும் சேர்த்து அடக்கவிலையை இருமடங்காக்குகிறார் என்று கொள்வோம். உள்நாட்டுச் சட்டை 26 டாலர், வெளிநாட்டுச் சட்டை 14 டாலர் என்று கடையில் தொங்கும். ஆலைவாசலில் 6 டாலராக இருந்த வேற்றுமை, கடைவாசலில் 12 டாலராகிவிடுகிறது. வாங்குவோர் காண்பது இந்தப் பன்னிரண்டைத்தான்.

இக்கணக்கின் மறுபுறத்தையும் பார்க்கவேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளியின் கூலியை அப்படியே இருமடங்காக்கினால் சட்டைக்கு மிகுவது 75 சென்ட் மட்டுமே. கடைக்காரர் அந்த 75 சென்ட்டை மட்டும் விலையில் கூட்டினால், 14 டாலர்ச் சட்டை 14 டாலர் 75 சென்ட் ஆகும். அவ்வளவு சிறு ஏற்றத்திற்கு வாங்குவோரில் பெரும்பாலோர் பின்வாங்கமாட்டார். ஆயினும் அக்கூலி எளிதில் உயர்வதில்லை. ஏன்? கூலியைப் பற்றிப் பேரம் பேசுபவர் வாங்குவோர் அல்லர். இலட்சக்கணக்கான சட்டைகளுக்கு ஒரே ஆர்டர் கொடுக்கும் வியாபாரி. அவருக்கு ஒரு சட்டையில் 10 சென்ட் குறைந்தாலும் பெருந்தொகை. அந்த 10 சென்ட்டைக் கொடுக்க ஓர் ஆலை மறுத்தால் அடுத்த ஆலைக்குப் போவார். அத்தேசம் மறுத்தால் அடுத்த தேசத்திற்குப் போவார்.

இப்பேரத்தின் கொடிய விளைவை 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி உலகம் கண்டது. வங்கதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவாரில், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் பல இயங்கிய ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் மாண்டனர். கட்டடத்தில் விரிசல் கண்டது முந்திய நாள். ஆர்டரைக் குறித்த நாளில் முடிக்கவேண்டும் என்னும் நெருக்கடியில், மறுநாளும் தொழிலாளர் உள்ளே அழைக்கப்பட்டனர். அதன் பின்னரே, பல மேனாட்டு வியாபார நிறுவனங்கள் தொழிற்சங்கங்களுடன் கட்டடப் பாதுகாப்புக்காகச் சட்டப்பிணைப்புள்ள உடன்படிக்கை செய்துகொண்டன.

வாங்குவோரின் பங்கு

வாங்குவோர் வாயால் கூறுவது ஒன்று, கடையில் செய்வது வேறொன்று. 2016-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அமெரிக்கரிடையே ஒரு கருத்தாய்வு நடத்திற்று. உள்நாட்டுப் பொருளையே வாங்க விருப்பம் என்று ஏறக்குறைய நான்கில் மூவர் கூறினர். ஆனால் வெளிநாட்டில் செய்த காற்சட்டை 50 டாலர், உள்நாட்டில் செய்தது 85 டாலர் என்று இரண்டையும் முன்வைத்துக் கேட்டபோது, நூற்றுக்கு 67 பேர் மலிவானதையே வாங்குவோம் என்றனர்.

இதனால் அவர்களை நாம் பழித்துவிடலாகாது. வாங்குவோரும் கூலிக்காரரே. வீட்டு வாடகையும் மருத்துவச் செலவும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் ஏறும்போது, அவர்கள் குறைக்கக்கூடியது துணிச்செலவு ஒன்றே. ஆலை மூடப்பட்டு வேலையிழந்தவர் மறுநாள் துணி வாங்கப் போகும்போது, முன்னிலும் மலிவான கடையைத்தான் நாடவேண்டியிருக்கும். அவர் தேடும் மலிவு, இன்னோர் ஊரின் ஆலையை மூடச்செய்யும். ஒவ்வொருவர் செயலும் தனித்தனியே நியாயமானது. எல்லாம் சேர்ந்தபோது எவரும் விரும்பாத முடிவு வருகிறது.

ஆலை முதலாளிகளும் இதே வலையில் சிக்கினர். மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூ பெட்ஃபோர்டு நகரில் துணியாலை நடத்திய பெர்க்ஷயர் ஹாத்தவே கம்பெனி 1985-இல் நெசவை நிறுத்திற்று. அதன் தலைவர் வாரன் பஃபெட் பங்குதாரர்களுக்கு எழுதிய அறிக்கையில் காரணத்தை விளக்கினார். புதிய தறி வாங்கினால் செலவு குறையும் என்று ஒவ்வொரு கம்பெனியும் கணக்கிட்டது. கணக்கு சரியே. ஆனால் எல்லாக் கம்பெனிகளும் அதே தறியை வாங்கிவிட்டன. ஆகவே குறைந்த செலவு முழுதும் குறைந்த விலையாக வாங்குவோரிடம் சென்றது; கம்பெனிக்கு மிஞ்சியது போட்ட முதல் மட்டுமே என்பது அவ்விளக்கத்தின் சாரம்.

உள்நாட்டுப் பொருளை ஆதரிக்கச் செய்த முயற்சிகளும் உண்டு. 1975-இல் அமெரிக்கப் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கம், சங்க முத்திரையிட்ட ஆடையையே வாங்குமாறு தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தது. 1985-இல் வால்மார்ட் என்னும் பெரிய சில்லறைக் கடைக் குழுமம், இயன்றவரை அமெரிக்கப் பொருளையே வாங்குவதாக ஓர் இயக்கம் தொடங்கிற்று. பிற்கால ஆண்டுகளில் அக்கடைகளிலேயே சீனப் பொருள்கள் குவிந்தன. அமெரிக்காவில் ஆடைத்தொழிலில் இருந்தோர் 1990-இல் ஏறக்குறைய 9 இலட்சம் பேர். இன்று அத்தொகை 1 இலட்சத்திற்கும் குறைவு.

பாதை திறந்த விதம்

கூலி வேற்றுமை பண்டைக்காலம்தொட்டு இருந்துவருவது. அவ்வேற்றுமையைப் பயன்படுத்திக்கொள்ளப் பாதை வேண்டும். அப்பாதையைத் திறந்தவற்றுள் ஒன்று, கன்டெய்னர் எனப்படும் இரும்புப்பெட்டி. வட கரோலினாவைச் சேர்ந்த லாரித் தொழிலதிபர் மால்கம் மக்லீன், 1956 ஏப்ரல் 26-இல் 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உதிரிச் சரக்கை ஆள் வைத்து ஏற்ற, டன்னுக்கு ஏறக்குறைய 6 டாலர் ஆன காலம் அது. பெட்டியில் ஏற்ற 16 சென்ட் அளவே ஆயிற்று. இளமையில் பருத்திப் பேல்களை லாரியில் கொண்டுபோய்த் துறைமுகத்தில் நாள்முழுதும் காத்திருந்தபோதே இவ்வெண்ணம் தோன்றியது என்று அவர் பிற்காலத்தில் கூறியதுண்டு.

இறக்குமதியைத் தடுக்கச் சர்க்கார்கள் எழுப்பிய அணைகளும் எதிர்பாராத வகையில் புதுப்பாதை திறந்தன. 1950-களின் நடுவில் ஜப்பானிலிருந்து ஒரு டாலர் விலையில் பெண்கள் சட்டைகள் அமெரிக்காவில் வந்து குவிந்தன. 1957-இல் ஜப்பான் தன் ஏற்றுமதிக்கு எல்லை வகுத்துக்கொள்ள இணங்கிற்று. உடனே ஆர்டர்கள் ஹாங்காங்கிற்குத் திரும்பின. ஹாங்காங்கிற்கு எல்லை வகுத்ததும் தென் கொரியாவும் தைவானும் வளர்ந்தன. 1974-இல் பல தேசங்களுக்கும் கோட்டா வகுத்து ஓர் உடன்படிக்கை வந்தது. கோட்டா தீர்ந்த கொரியக் கம்பெனிகள், கோட்டா தீராத தேசங்களைத் தேடின. தேவூ என்னும் கொரியக் கம்பெனி, தேஷ் என்னும் வங்கதேசக் கம்பெனியுடன் கூடி, அங்கிருந்து 130 பேரை வரவழைத்து 1979-ஐ ஒட்டிப் பூசான் நகரில் பயிற்சி அளித்தது. பயிற்சி பெற்றோர் பலர் பின்னர்த் தாமே தொழிற்சாலைகள் கண்டனர். வங்கதேசத்தின் ஆயத்த ஆடைத்தொழில் இவ்வாறு தழைத்தது. கோட்டா முறை 2005 ஜனவரி 1-ஆம் தேதி முற்றிலும் நீங்கிற்று. அதற்குள் தொழில் தன் புதிய இடங்களில் வேர்விட்டிருந்தது.

சீனாவில் கூலி உயர்ந்தபின் ஆர்டர்களில் ஒரு பகுதி வியட்நாமுக்கும் வங்கதேசத்திற்கும் கம்போடியாவிற்கும் பெயர்ந்தது. பெற்றுக்கொண்ட ஒவ்வொரு தேசமும் தன் கூலி உயர்ந்தவுடன் இழக்கும் தேசமாகிவிடுவதை இவ்வரலாறு காட்டுகிறது.

பருத்தி விளைவிப்போர் நிலை

தொழில் பெயர்ந்தபோது அமெரிக்கப் பருத்தி விவசாயி என்ன ஆனார்? நிலத்தைக் கப்பலில் ஏற்ற இயலாது. 1997-ஐ ஒட்டி அமெரிக்க ஆலைகள் ஆண்டிற்கு ஏறக்குறைய 1 கோடியே 10 இலட்சம் பேல் பருத்தியை வாங்கின. அண்மை ஆண்டுகளில் அது 20 இலட்சம் பேல் அளவிற்குச் சுருங்கிவிட்டது. விளைச்சலில் பெரும்பகுதி இப்போது கப்பலேறி வெளிநாட்டு ஆலைகளுக்குச் செல்கிறது. விவசாயி பிழைத்தார்; ஆனால் பக்கத்து ஊர் ஆலையை நம்பியிருந்தவர், தொலைதேசத்துச் சந்தையையும் அங்கே விதிக்கப்படும் வரியையும் நம்பியிருக்க வேண்டியவரானார். நெசவாளரின் நலமும் விளைவிப்போரின் நலமும் ஒரே கயிற்றின் இரு புரிகள் என்று நம் சங்கங்கள் கூறிவருவது இதுபற்றியே.

நமக்குரிய படிப்பினை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துக் கூறுவோம். மூன்று நிலைமைகள் ஒன்றுசேரும்போது ஒரு தொழில் ஊர் பெயர்கிறது. ஒன்று, பொருளின் விலையில் கையுழைப்பின் பங்கு மிகுதியாக இருத்தல். இரண்டு, அப்பொருளைத் தொலைவிலிருந்து கொண்டுவரும் செலவு குறைவாக இருத்தல். மூன்று, யார் செய்தது, எவ்வாறு செய்தது என்பதை வாங்குவோர் அறியாதிருத்தல், அல்லது பொருட்படுத்தாதிருத்தல். கைத்தறித்துணிக்கு முதல் இரண்டும் உண்டு. மூன்றாவது ஒன்றே நம் கையில் உள்ளது.

நம் தறிகள் கடல் கடக்கவில்லை. வீட்டை விட்டே போய்க்கொண்டிருக்கின்றன. இந்திய சர்க்கார் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, 1995-96-இல் இத்தொழிலில் இருந்தோர் ஏறக்குறைய 65 இலட்சம் பேர். 2009-10-இல் 43 இலட்சம். 2019-20-இல் 35 இலட்சம். இவ்வீழ்ச்சிக்கு விசைத்தறியின் மலிவு ஒரு காரணம். மற்றொரு காரணம், மேலே கண்ட முடிதிருத்துவோர் கணக்கே. நெசவாளரின் மகனும் மகளும் வெளியே சென்றால் மிகுந்த கூலி கிடைக்கிறது. தறிக்கூலியைத் தாழ்த்திவைத்து விலையைக் காப்பாற்றலாம் என்று எண்ணும் சங்கத்தில், சில ஆண்டுகளில் விலை இருக்கும், நெசவாளர் இருக்கமாட்டார்.

ஆகவே கூலி உயரத்தான் வேண்டும். அதை வாங்குவோர் மனமுவந்து தரும் வகை காணவேண்டும். 1960-களில் மதராஸ் கைத்தறியில் நெய்த கட்டம்போட்ட துணி அமெரிக்காவில் பெரிதும் விற்றது. சலவையில் சாயம் விடுவது அதன் குறை. அக்குறையையே, இத்துணி துவைக்கத் துவைக்க நிறங்கள் கலந்து புதுமை பெறும் என்று எடுத்துரைத்து விற்றனர். யந்திரத் துணியோடு விலையில் போட்டியிடாமல், யந்திரத் துணியில் இல்லாத ஒரு தன்மைக்காக அது வாங்கப்பட்டது.

நம் இயக்கத்தின் தாய்வீடும் இதே லங்காஷயரில்தான் இருக்கிறது. 1844-இல் ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடை திறந்த முன்னோடிகள் 28 பேருள் நெசவாளர் பலர். அவர்கள் ஊரில் நடப்பிலுள்ள விலைக்கே விற்றனர். மலிவு விலையைக் கொள்கையாகக் கொள்ளவில்லை. கலப்படமற்ற சரக்கு, சரியான நிறுவை, மிஞ்சிய ஆதாயத்தை அவரவர் கொள்முதலுக்கு ஏற்பப் பகிர்தல் ஆகியவையே அவர்கள் கொள்கை. 1854-இல் அவர்களே ஒரு துணியாலைச் சங்கமும் நிறுவினர். இலாபத்தில் தொழிலாளருக்கும் பங்கு என்று விதி செய்தனர். ஆனால் பங்குப்பணம் போட்ட வெளியார் பெருகிய பின், 1862-இல் தொழிலாளர் பங்கு நீக்கப்பட்டது. தொழிலாளர் நலத்துக்கென்றே தோன்றிய இயக்கத்திலும், பங்குதாரர் என்ற நிலையில் அமர்ந்தவுடன் உழைப்பவரை மறக்க இயலும் என்பதற்கு இதுவே சான்று. கூட்டுறவு என்னும் பெயர் மட்டும் நம்மைக் காக்காது. ஒவ்வொரு பொதுக்குழுவிலும் விழிப்போடிருப்பதே காக்கும்.

நாம் உடனே செய்யத்தக்கவை சில உள. ஒவ்வொரு ரகத்திற்கும் பாவு ஓட்டுவதுமுதல் மடிப்பதுவரை எத்தனை மணி நேர உழைப்பு என்று சங்கம் கணக்கெழுதி வைக்கவேண்டும். விற்பனை நிலையத்தில் துணியின் விலையோடு, அதில் நெசவாளருக்குச் சேரும் தொகையையும் எழுதிக் காட்டலாம். விசைத்தறியில் எளிதாக நெய்யக்கூடிய ரகங்களைப் படிப்படியாகக் குறைத்து, கைத்தறிக்கே உரிய கரைவேலையும் ஊடையும் உள்ள ரகங்களைப் பெருக்கவேண்டும். அங்கத்தினர் வீட்டுக் கலியாணத்திற்கும் பண்டிகைக்கும் துணி எங்கிருந்து வருகிறது என்பதை நாமே கேட்டுப் பார்த்துக்கொள்ளவேண்டும். பிறர் நமக்கு நல்ல விலை தரவேண்டும் என்று கேட்கும் நாம், பிறர் உழைப்பிற்கு என்ன விலை தருகிறோம் என்பதை அங்கே அறியலாம்.

ஆய்வுக் குழுக்களில் ஆராயத்தக்க வினாக்கள்

1. நம் சங்கத்தில் மிகுதியாக நெய்யப்படும் ரகம் ஒன்றை எடுத்துக்கொள்க. அதன் விற்பனை விலையில் நூல், சாயம், கூலி, விற்பனைச் செலவு ஆகிய ஒவ்வொன்றும் எத்தனை பங்கு?

2. அந்த ரகத்தின் கூலியை நான்கில் ஒரு பங்கு உயர்த்தினால் விற்பனை விலை எவ்வளவு உயரும்? அதனால் விற்பனை குறையுமா?

3. ஐந்து ஆண்டுகளில் நம் அங்கத்தினர் குடும்பங்களிலிருந்து நெசவை விட்டுச் சென்றோர் எத்தனை பேர்? இப்போது அவர்கள் என்ன கூலி பெறுகின்றனர்?

4. நாம் சென்ற ஆண்டு வாங்கிய துணிகளில் எத்தனை கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கியவை? மற்றவற்றை வெளியே வாங்கியது ஏன்?

இவற்றுக்கு விடை கண்ட குழுக்கள், தம் முடிவுகளைச் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் எண்களோடு சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கூலி நிர்ணயம் பற்றிய தீர்மானம் வரும்போது அவ்வெண்கள் கையில் இருத்தல் நலம்.